மலமும் பட்டமும்

(கோட்டுச்சேரிமேட்டில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மாணவர்களும் இளைஞர்களும் நடத்திய தெருக்கூட்டத்தில், குடல் - ஈரல் நோய் மருத்துவர் ஒருவர் பேசியது. பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல்ல அந்தத் தட்டியைப் பத்திப் பேசிடறேன். என் பேருக்குக் கீழே எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று மூன்று பட்டத்தையும் வரிசையாப் போட்டு, 'சேரியில் பிறந்து சிகரம் தொட்டவர்' என்று எழுதியிருக்காங்க. தம்பிகள் ஆசையா எழுதினது. ஆனா எனக்கு அந்த வரி ஒட்டல. ஒருத்தன் தொட்டுட்டான்னு மேடை போட்டுச் சொல்லும்போதே, தொடாத தொண்ணூத்தொம்பது பேருக்கும் துப்பில்லைன்னு சொன்னதா ஆயிடுது. ஊர்க்காரனும் இதைத்தான் சொல்றான். 'அவன் படிச்சு வரலையா, உங்களுக்கு என்ன கேடு?' அவன் பேச்சை நாமே தட்டி எழுதி மாட்ட வேண்டாம்.

அதனால தெருவிளக்கில் படித்தேன், பழைய சோறு தின்றேன் என்கிற கதையை இன்னைக்கு நான் சொல்லப் போறதில்லை. அது இங்க உக்காந்திருக்கிற எல்லார் வீட்டுக் கதையும்தான். இந்த வேலை என்ன வேலை, இதுக்குள்ள போற வாசலை யார் காவல் காக்கிறான், உள்ளே போன பிறகு நான் என்ன தப்புப் பண்ணினேன், இதுக்கும் நம்ம தெருத் தண்ணிக்கும் என்ன சம்பந்தம் - இதை மட்டும் சொல்றேன்.

*

என் வேலை வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும். நடுவில் கல்லீரல், பித்தப்பை, கணையம். காலையில் வார்டுக்குப் போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி, 'வெளிக்கிப் போனீங்களா, எப்படி இருந்துச்சு?' தார் மாதிரி கறுப்பா இருந்தா மேல்குடலில் ரத்தம் கசியுதோன்னு பார்க்கணும். களிமண் மாதிரி வெளுத்திருந்தா பித்தம் குடலுக்கு இறங்கலைன்னு அர்த்தம். அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போனா காலராவை நினைக்கணும். எண்ணெய் பூத்து மிதந்தா கொழுப்பு செரிக்கல. ஈரல் சுருங்கிப்போனவர் ரத்த வாந்தி எடுப்பார். தொண்டைக்குள் குழாயை விட்டு, வீங்கி வெடிச்ச நாளத்தை ரப்பர் வளையம் போட்டுக் கட்டணும். 1957இல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளைகிற கண்ணாடியிழைக் குழாயால் மனித வயிற்றுக்குள்ளே பார்த்துக் காட்டினார். அதுக்கப்புறம் வளர்ந்ததுதான் எங்கள் துறையின் பெரும்பகுதி. வாந்தி சட்டையில படும். மலம் தெறிக்கும். அதுதான் தொழில்.

இந்தத் தொழிலுக்குச் சமூகம் என்ன மரியாதை கொடுக்குது? மருத்துவத்தில் உச்சாணிக் கொம்பில் இருக்கிற துறைகளில் இது ஒண்ணு. குழாய் விட்டுப் பார்க்கத் தனிக் கட்டணம். என் கைபட்ட தண்ணியைக் குடிக்க மாட்டேன்னு எவனும் சொன்னதில்லை. நான் யாருன்னு தெரியாதவரைக்கும் சொன்னதில்லை. ஆனா அதே ஆஸ்பத்திரியில் அதே மலத்தைப் பெட்பானில் ஏந்திப் போய்க் கொட்டுற அக்காவுக்கு என்ன மரியாதை? நான் உருவி எடுத்த குழாயைக் கழுவி வைக்கிற அண்ணனுக்கு? கழிவறை அடைச்சுக்கிட்டா குழியில இறங்குறவருக்கு? ஒரே மலம்தான். பட்டத்தோடு தொட்டால் நிபுணர், பட்டமில்லாமல் தொட்டால் தோட்டி. தீட்டு என்பது மலத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதாக நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். அது மலத்தில் இருந்தால் முதலில் என்னைத்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். அது தொடுகிறவன் பிறப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

இது இன்னைக்கு நேத்து நடந்ததில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தை அறுத்துப் படித்தார். பிணம் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கி நின்ற காலம். அவர் கத்தி வைத்ததைக் கொண்டாடக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகவே ஒரு கதை உண்டு. தோழர்களே, நம்ம பாட்டன் தலைமுறை தலைமுறையாப் பிணத்தைத் தொட்டான். தூக்கினான், எரித்தான், புதைத்தான். அவனுக்கு எந்தக் கோட்டையில பீரங்கி முழங்குச்சு? தொட்டால் தீட்டு என்று இருந்த வரைக்கும் அந்த வேலை நமக்கு. தொட்டால் பட்டமும் சம்பளமும் உண்டு என்று ஆன அன்னைக்கே அது 'தகுதி' ஆகிப்போச்சு.

மருத்துவம் நமக்குப் புதுசா வந்த வித்தை என்றும் யாரும் நினைக்காதீங்க. பண்டிதர் அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கி நமக்கொரு வரலாறு எழுதியவர், நாடி பிடித்து மருந்து கொடுத்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் 1823இல் மருத்துவப் பள்ளி தொடங்கினான். அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஜிப்மர் என்று சொல்கிறார்கள். அந்த இருநூறு ஆண்டில் சேரியிலிருந்து எத்தனை பேர் அந்த வாசலுக்குள்ளே போயிருப்பாங்க? நீங்களே யோசிச்சுக்கங்க.

*

இப்ப வாசலைப் பத்தி.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு இருந்துச்சு. கல்லூரி இடங்களைப் பதினாலு பதினாலாப் பிரிப்பாங்க. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, 'அரிசன'ருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவருக்கு 1, முசுலிமுக்கு 1. சண்பகம் துரைராசன் என்கிற பார்ப்பனப் பெண், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர், எனக்கு இடம் கிடைக்காது என்று நீதிமன்றம் போனார். 1951இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பெரியாரும் மற்றவர்களும் தெருவில் இறங்கிப் போராடின பிறகு, அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. பாபாசாகேப் அப்போது சட்ட அமைச்சர். நான் எம்.பி.பி.எஸ். படித்தது அந்தத் திருத்தத்தால். என் மூளையால் மட்டும் இல்லை.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருசம். எம்.டி. மூணு. டி.எம். மூணு. ஒரு வருசம்கூட விட்டுப்போகாமல் படித்தாலே பதினொன்றரை வருசம். அதுவரைக்கும் தம்பி தங்கச்சிக்கு நீ ஒண்ணும் செய்ய முடியாது. பணம் இருக்கிற வீட்டில் இதுக்குப் பேர் காத்திருப்பு. நம்ம வீட்டில் இதுக்குப் பேர் கடன்.

சரி, கடன்பட்டாவது கடைசி வாசலுக்கு வந்துட்டோம்னு வச்சுக்குங்க. அங்கே என்ன எழுதியிருக்கு? 1992இல் மண்டல் வழக்குத் தீர்ப்பு வந்துச்சு. நாம கொண்டாடிய தீர்ப்பு. அதுக்குள்ளேயே, சில உயர்ந்த இடங்களில் இடஒதுக்கீடு உசிதமில்லை என்று ஒரு பட்டியல் போட்டாங்க. அதில் மருத்துவத்தின் உயர்சிறப்புத் துறைகளும் உண்டு. 1999இல் பிரீத்தி ஸ்ரீவத்சவா வழக்கிலும் அதே பேச்சு. 2013இல் எய்ம்ஸ் ஆசிரியர் சங்க வழக்கில், உயர்சிறப்புத் துறை ஆசிரியர் பணிக்கும் ஒதுக்கீடு கூடாது என்றார்கள். 2015 அக்டோபரில், தேச நலனுக்காக உயர்சிறப்பு மருத்துவப் படிப்பில் எந்த ஒதுக்கீடும் இருக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் மறுபடியும் சொன்னது. யாருடைய தேசம், யாருடைய நலன் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஒரு சின்னக் கதவு திறந்திருக்கு. அதையும் சொல்லணும். தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் ஓர் அரசாணை போட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கிற மருத்துவர்களுக்கு. 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதைத் தொடர அனுமதித்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நம்ம பிள்ளைகள் சிலர் அந்த வழியா உள்ளே போகலாம். ஆனா அது பணிக்கான இடம், சாதிக் கொடுமைக்கான ஈடு கிடையாது. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

கீழ் வாசலிலும் இப்ப பூட்டு. அரியலூர் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினாள். நீட்டுக்கு எதிரா உச்சநீதிமன்றம் வரைக்கும் போனாள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். மூட்டைதூக்கும் தொழிலாளியின் மகள். உள்ளே போனவங்க கதி? டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்களை விடுதியிலும் தேர்விலும் எப்படி ஒதுக்குறாங்க என்று 2007இல் தோரட் குழு அறிக்கை எழுதியது. 2019 மே மாதம் மும்பையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி சாதி வசவு தாங்காமல் செத்தார். வாசலுக்கு வெளியே ஒரு சாவு, உள்ளே ஒரு சாவு.

தெறமை இந்த மண்ணுல இல்லாமலா? நமக்குப் பக்கத்தில் மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூர். அந்த ஊர்க்காரர் முகமது ரேலா, சென்னை ஸ்டான்லியில் படித்து, 1997இல் லண்டனில் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த ஆற்றுத்தண்ணி குடித்தவன் கை உலகத்துக்கே ஈரல் பொருத்தும் என்று காட்டிட்டார். அப்ப நம்ம தெருவிலிருந்து ஏன் வரல என்பதற்கான பதில், ரத்தத்தில் இல்லை, வாசலில் இருக்கு.

*

இனி என் தப்பு. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பேராசிரியர் என்று சொல்லப் போறதில்லை. சொன்னா அது ஓர் இடத்துக் கதையாச் சுருங்கிடும்.

டி.எம். படிக்கும்போது எந்த ஊர்னு கேட்டால், 'காரைக்கால்' என்பதோட நிறுத்திக்குவேன். கோட்டுச்சேரிமேடுன்னா, அடுத்த கேள்வி 'எந்தத் தெரு?' வரும். மேல அதிகாரி ஒருத்தர் 'கோட்டா கேஸ்' என்று யாரையோ கிண்டல் பண்ணும்போது நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். ஆமா, சிரிச்சிருக்கேன். அவங்க மாதிரி பேசி, அவங்க மாதிரி நடந்து, கடைசியில் அவங்க கண்ணாலேயே நோயாளியைப் பார்க்கப் பழகிட்டேன்.

ஒரு ராத்திரி. நாப்பது வயசு இருக்கும். கண்ணு மஞ்சள். சாராய நெடி. காய்ச்சல், வாந்தி. பேரைக் கேட்டேன், வயசைக் கேட்டேன், 'குடிப்பியா?' என்றேன். ஒருமையில்தான் கேட்டேன். தலையாட்டினார். குடியால் வந்த ஈரல் அழற்சி என்று எழுதிட்டுப் போயிட்டேன். என்ன வேலை பார்க்கிறீங்கன்னு கேட்கல.

மறுநாள் சாயங்காலம் வார்டு துடைக்கிற அக்கா தயங்கித் தயங்கி வந்தாங்க. 'சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு எங்க பக்கத்துத் தெரு. குழியில எறங்குறவரு. குடிக்காம எறங்க முடியாது சார், அந்த நாத்தத்துல. மூணு நாளா கெண்டைக்கால் வலின்னு எந்திரிக்க முடியாமக் கெடந்தாரு.'

எனக்கு உச்சந்தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. காய்ச்சல், மஞ்சள் காமாலை, கெண்டைக்கால் வலி, அந்தக் கண்ணு. மஞ்சளோடு சிவப்பும் சேர்ந்த கண்ணை நான் பார்த்தேன். பார்த்தும் சாராயத்து மேல பழியைப் போட்டேன். அது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி. எலி மூத்திரம் கலந்த தண்ணியில் இருக்கும். காலில் சின்ன வெட்டு, சிராய்ப்பு இருந்தால் அது வழியா உடம்புக்குள்ள போயிடும். சாக்கடையில் இறங்குறவருக்கு வரும். சேத்துல நடவு நடுற நம்ம அம்மாவுக்கும் வரும். நேரத்தோடு கண்டுபிடிச்சா, பென்சிலின் போதும். விலை மலிஞ்ச மருந்து. நான் அதைப் போட்டபோது அவருக்கு மூத்திரம் நின்னு போயிருந்துச்சு. அஞ்சாம் நாள் செத்துட்டார். கேஸ் சீட்டு முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் 'குடிகாரர்' என்ற சொல் அப்படியே கிடந்தது.

மூணு பட்டம் படித்த எனக்குத் தெரியாதது, தரை துடைக்கிற அக்காவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கிருமி பேர் அவங்களுக்குத் தெரியாது. ஆனா அந்த ஆள் என்ன வேலை செய்யிறவர் என்று தெரியும். ஒரு நோயாளியைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டிய முதல் சங்கதி அதுதான்.

மனிதக்கழிவை மனிதர் அள்ளத் தடைச்சட்டம் 1993இல் வந்தது; மறுபடி 2013இல் வந்தது. சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. அது குழிக்குள்ளே செத்தவங்க கணக்கு. குழியிலிருந்து வீட்டுக்கு வந்து, காமாலை கண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகிறவர் 'குடிச்சே செத்தான்' கணக்கில் போறார். அந்தக் கணக்கை எழுதுற பேனா எங்க கையில இருக்கு. என் கையிலயும் இருந்துச்சு.

*

இப்ப தண்ணிக்கு வருவோம்.

என் அம்மாவோட அப்பா திருவாரூர்ப் பக்கம் பண்ணையாள். அந்தக் காலத்துத் தஞ்சாவூர்ச் சில்லாவில் பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. அதோட, சாணியைக் கரைச்சு வாயில ஊத்துவான் மிராசுதார். அதுக்குப் பேர் சாணிப்பால். 1940களில் பி.சீனிவாசராவ் போன்ற தோழர்கள் செங்கொடிச் சங்கம் கட்டி அதை ஒழிச்சாங்க. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வச்சு எரிச்சதும் வயித்துச் சண்டைதான். கூடக் கொஞ்சம் நெல்லு கேட்டதுக்கு. 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் ரெண்டு தலித்துகள் வாயில் மலத்தைத் திணிச்சாங்க. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம்ம சனங்க குடிக்கிற தண்ணித்தொட்டியில் மலம் கிடந்தது.

வேங்கைவயல் எப்படி வெளியே வந்துச்சு தெரியுமா? புள்ளைங்களுக்கு வாந்தி, வயித்தால போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தண்ணியைப் பாருங்கன்னு டாக்டர்கள் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் தொட்டி மேல ஏறிப் பார்த்தாங்க. நான் செய்யாததை அந்த டாக்டர்கள் செஞ்சாங்க. மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தத் தண்ணியையே இன்னும் எத்தனை நாள் குடிச்சிருப்பாங்களோ! 2025 சனவரியில் அதே தெருக்காரர் மூணு பேர்தான் குற்றவாளி என்று சி.பி.சி.ஐ.டி. சொன்னது. அந்த மக்கள் அதை ஏத்துக்கல.

நம்ம காரைக்காலையே எடுத்துக்கங்க. 2022 சூலை மாசம் வயித்துப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க. பள்ளிக்கூடம் மூடினாங்க. எதனால? குடிதண்ணிக் குழாய் உடைஞ்சு கழிவுநீர் கலந்ததால. அப்ப எல்லாரும் கையைக் கழுவுங்க, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சொன்னாங்க. சரிதான், நானும் சொல்றேன். ஆனா குழாய் உடைஞ்சது யார் கையைக் கழுவாததால? காலரா மட்டும் இல்லை. டைபாய்டு, காமாலையில் ஏ, ஈ ரெண்டு வகையும் இப்படித்தான் வருது. ஈ வகை, மாசமா இருக்கிற பொண்ணுங்க உயிரையே எடுக்கும். குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடுற தெருவுல பொறந்த புள்ளைக்கு, என்னை மாதிரி நிபுணர் தேவைப்படுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல குழாய் தேவை.

அடுத்தது சாராயம். இதைச் சொல்லாமப் போனா நான் பொய்யன். தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை நம்ம புதுச்சேரி மாநிலத்தில் உண்டு. அரசாங்கமே ஏலம் விடுது. ஏலப்பணம் கஜானாவுக்கு, ஈரல் நமக்கு. முதல்ல ஈரலில் கொழுப்பு சேரும். அப்புறம் வேகும். அப்புறம் தழும்பேறிச் சுருங்கும். கொழுப்பு சேர்ற கட்டத்தில் நிறுத்தினால் ஈரல் திரும்பிடும். சுருங்கின பிறகு திரும்புறது கஷ்டம். அப்பவும் நிறுத்தினால் உயிர் நீளும். ரத்த வாந்தி எடுக்கிறவரை இங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டு போகணும்னா ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வழியிலேயே செத்தவங்க பேரு உங்களுக்கே தெரியும். குடிக்கிற அண்ணன்மாரை நான் திட்டல. நாள் பூரா முதுகு ஒடிய வேலை வாங்கி, சாயங்காலம் வாசலிலேயே கடையும் திறந்து வச்சவனைக் கேட்கிறேன். ஆனா, அண்ணே, கேள்வி கேட்க நீங்க உயிரோட இருக்கணும்.

*

முடிச்சுக்கிறேன். தம்பி தங்கச்சிகளுக்கு நாலு சொல்றேன்.

ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்க என்ன வேலை செய்யிறீங்க, எந்தத் தண்ணி குடிக்கிறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. 'வயல்ல எறங்கினேன், சாக்கடையில எறங்கினேன்' - இது வெட்கப்படுற செய்தி இல்லை, உயிரைக் காப்பாத்துற செய்தி.

ரெண்டு. ஆஸ்பத்திரியிலும் நகராட்சியிலும் துப்புரவு வேலை பார்க்கிறவங்க, ஒப்பந்தக் கூலியா இருந்தாலும், மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி மூணு தவணையும் கேட்டு வாங்கணும். ரத்தம் பட்ட ஊசி முதல்ல குத்துறது உங்க கையிலதான். தரலைன்னா சங்கம் வச்சுக் கேளுங்க.

மூணு. குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் எங்கெங்கே சேர்ந்து போகுதுன்னு தெருத்தெருவா ஒரு வரைபடம் போடுங்க. படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிக்கலாம். கொம்யூனுக்கு மனு எழுதும்போது அதையும் சேர்த்துக் கொடுங்க. நான் மருத்துவன் என்ற முறையில் கீழே கையெழுத்துப் போடறேன். இந்தத் தடவை ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சேர்த்துப் போடறேன்.

நாலு. டி.எம். வாசல் வரைக்கும் இடஒதுக்கீடு வேணும் என்பது நம்ம கோரிக்கையா இருக்கணும். நூறு பேர் உள்ளே போனால்தான், 'கோட்டா' என்று எவனாவது சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமல் எதிர்த்துக் கேட்கிற தைரியம் ஒவ்வொருத்தருக்கும் வரும். எனக்கு அது வர ரொம்ப நாளாச்சு. அதுக்குள்ள ஒருத்தர் செத்துப்போனார்.

அந்தத் தட்டியை இறக்கிடுங்க தம்பி. துணி நல்லா இருக்கு. திருப்பிப்போட்டு, பின்பக்கத்துல தண்ணிக் குழாய்க் கோரிக்கையை எழுதுங்க.

ஜெய்பீம்.